பால் வெட்டும் வீட்டுக்கும் முதுமாணிப் பட்டம் வேண்டும்



சம்பளம், பிரட்டு, சேமலாப நிதி, லயத்துக் கூரை என்று வழக்கமாகப் பேசும் இந்தப் பக்கத்தில், இம்முறை ஒரு முதுமாணிப் பட்டப்படிப்பைப் பற்றி எழுதுகிறோம். அதுவும் பொருட்பொறியியல் என்ற, நம்மில் பலர் பெயரே கேட்டிராத ஒரு படிப்பு. மாதச் சந்தாவையே யோசித்துக் கொடுக்கவேண்டிய காலத்தில் இது என்ன ஆடம்பரம் என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் எங்கள் கருத்து இது: நம் கையில் தினமும் புழங்கும் பொருளைப் பற்றிய படிப்பு இது. அந்தப் பொருளை அளக்கிறவர்கள் நம் கைக்காசையும் அளக்கிறார்கள். ஆகவே அந்த அறிவு நம் வீடுகளுக்கும் வரவேண்டும். அதற்கான செலவைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் போடாமல் சங்கமாகச் சேர்ந்து சுமக்கவேண்டும்.

இதை நாங்கள் கல்முனையிலிருந்து எழுதுகிறோம். சங்கத்தின் கல்விக் குழுவில் உள்ள எங்களில் சிலர் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியத் தொழிலுக்காக இந்தக் கரையோரத்துக்கு வந்தவர்கள். சிலர் இந்த ஊர்களிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம்கள். கல்முனையில் தேயிலை மலையும் இல்லை, இறப்பர் தோட்டமும் இல்லை. ஆனாலும் தோட்டத் தொழிலாளருக்கு இந்த ஊர் சொல்லித்தரக்கூடிய பாடம் ஒன்று உண்டு. வசதியில்லாத பிள்ளைகளைப் படிக்கவைக்க இங்கே எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சங்கம் அமைத்தார்கள். அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

அது என்ன படிப்பு?

பொருட்பொறியியல் என்றதும் பொருளாதாரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் என்பார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்கள். இறப்பர், பிளாஸ்டிக் போன்ற பொலிமர்கள். ஓடு, கண்ணாடி, சீமெந்து போன்ற பொருட்கள். இவற்றைக் கலந்து செய்யும் கூட்டுப்பொருட்கள். இவை எதனால் ஆனவை, ஏன் உடைகின்றன, ஏன் துருப்பிடிக்கின்றன, எந்த வேலைக்கு எது பொருந்தும், அதை எப்படிச் சோதித்து உறுதிசெய்வது என்பதைப் படிப்பதே இந்தத் துறை.

ஒரு சின்ன உதாரணம் பால்வெட்டும் கத்தி. இரும்பு மென்மையாக இருந்தால் அடிக்கடி தீட்டவேண்டும். அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் முனை சில்லுச் சில்லாய் உடையும். இரண்டுக்கும் நடுவே சரியான பதத்தைக் கொண்டுவருவது, உருக்கில் எவ்வளவு கரி இருக்கிறது, எவ்வளவு சூடாக்கி எவ்வளவு வேகமாகக் குளிரவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் ஊர்க் கொல்லர் கண்ணால் நிறம் பார்த்துச் செய்த வேலையைத்தான் இந்தப் படிப்பு அளந்தும் கணக்கிட்டும் செய்கிறது.

இந்தத் துறையில் முதுமாணிப் பட்டம் இரண்டு வகை. ஒன்று ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதுவது. அது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவோ ஆராய்ச்சியாளராகவோ போகிறவர்களுக்கு. மற்றது தொழில்சார் முதுமாணி. ஏற்கெனவே தொழிற்சாலையிலோ திணைக்களத்திலோ வேலை செய்யும் ஒருவர் தன் வேலையைவிட்டு விலகாமல் வகுப்புக்குப் போய், பாடங்களில் சித்தியடைந்து, தன் தொழிலோடு சேர்ந்த ஒரு செயற்றிட்டத்தைச் செய்து பெறுவது. நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையை. மாதச் சம்பளத்தை இழக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு இதுதான் பொருந்தும்.

மெட்ரோலக் சொல்வதும் சொல்லாததும்

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோழர்களுக்கு மெட்ரோலக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலுக்குள் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்று பார்க்கும் கருவி. வாளியில் கொண்டுவரும் பால் முழுவதும் இறப்பர் அல்ல. நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரைதான் உலர்ந்த இறப்பராகக் கிடைக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். செக்ரோலில் கிலோ எழுதுவது அந்த உலர் இறப்பரின் கணக்கில். மேலதிகக் கிலோவுக்கான காசும் அந்தக் கணக்கில்தான்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? இறப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் இறப்பர் கூடினால் பாலின் அடர்த்தி குறையும். கருவி ஆழமாக இறங்கும். இறப்பர் குறைந்தால் கருவி மேலே நிற்கும். சின்னக் கணிதம்தான். ஆனால் அடர்த்தி இறப்பரை மட்டும் பொறுத்ததல்ல. பாலின் சூட்டைப் பொறுத்தும் மாறும். பாலில் கரைந்திருக்கும் சர்க்கரை, புரதம், உப்பு ஆகியவற்றைப் பொறுத்தும் மாறும். மர இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் வித்தியாசம் வரும். அதனால் மெட்ரோலக் தருவது ஒரு மதிப்பீடுதான். சரியான அளவு வேண்டுமென்றால் மாதிரிப் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக உருட்டி, அடுப்பில் உலர்த்தி, மறுபடியும் நிறுத்துப் பார்க்கவேண்டும். ஆய்வுகூடத்தில் அதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிலாளி ஒரு நாளில் கொண்டுவரும் பால் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையில் 35 சதவீதம் இறப்பர் இருந்தால் 3.5 கிலோ. கருவி 32 சதவீதம் என்று காட்டினால் 3.2 கிலோ. வித்தியாசம் 300 கிராம். மாதத்தில் 20 நாள் வெட்டினால் 6 கிலோ. ஒரு வருடத்தில், மழைக்கும் இலையுதிர் காலத்துக்கும் கழித்தாலும், 50 கிலோவுக்கு மேல். இங்கே யாரும் திருடவில்லை. யாரும் பொய் எழுதவில்லை. கருவியைச் சரிபார்க்காமல் விட்டதே போதும். அதே பிழை மறுபக்கமும் போகலாம். அப்போது தோட்டத்துக்கு நட்டம். ஆனால் தோட்டத்துக்கு ஆய்வுகூடத்தைக் கேட்டுப் பார்க்க ஆள் உண்டு. நமக்கு யார் உண்டு?

தோட்டக் கமிட்டி போய் "கருவி சரியில்லை" என்று சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கோபத்தால் பதில் சொல்ல முடியாது. "கடைசியாக எப்போது இந்தக் கருவியை உலர்த்தி நிறுக்கும் முறையோடு ஒப்பிட்டீர்கள்? எந்தச் சூட்டுநிலையில் அளந்தீர்கள்? எத்தனை மாதிரி எடுத்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒருவர் நம் பக்கத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அப்படி ஒருவரை ஒரு நாளைக்கு வாடகைக்குப் பிடிக்கலாம்தான். ஆனால் வாளி தூக்கிய வீட்டில் பிறந்த ஒருவருக்கு எந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

பாலோடு நின்றுவிடும் நம் பங்கு

1876 இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் ஹேனரத்கொடையில் நடப்பட்டன. அன்றிலிருந்து இந்த நாட்டின் இறப்பரில் நம் முன்னோரின் உழைப்பு இருக்கிறது. இன்று இலங்கை உலகச் சந்தைக்கு அனுப்புவது வெறும் இறப்பர்த் தகடு மட்டுமல்ல. பாரம்தூக்கி வண்டிகளுக்கான திட டயர்களில் இந்த நாட்டுக்கு உலக அளவில் பெயர் உண்டு. கையுறைகளும் போகின்றன. உள்ளூர் இறப்பர் போதாமல் வெளியிலிருந்து இறக்குமதியும் செய்கிறார்கள். மரபாக இறப்பர் இல்லாத மொனராகலைக்கும், எங்கள் அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளுக்கும்கூடப் பயிர்ச்செய்கையைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பாலுக்கும் டயருக்கும் நடுவில் நடப்பது முழுவதும் பொருட்பொறியியல். பச்சை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியான, மீளும் தன்மையுள்ள பொருளாக மாறுவதைக் கண்டார். நீண்ட நூலிழைகளைப் போலக் கிடக்கும் இறப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் இடையிடையே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. முடிச்சுக் குறைந்தால் தளரும், கூடினால் நொறுங்கும். எத்தனை முடிச்சு, என்ன நிரப்புப்பொருள், எவ்வளவு நேரச் சூடு என்பதைத் தீர்மானிக்கிறவர்தான் ஒரு கிலோ இறப்பரின் விலையைப் பல மடங்காக்குகிறார்.

நம் மக்கள் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் மட்டும் நிற்கிறார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை வர்த்தமானிக்கு வர 2021 வரை பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் தேவையானது, இன்னும் தேவையானது. ஆனால் முதல் கண்ணியில் நிற்கிறவருக்கு எவ்வளவு கேட்டாலும் முதல் கண்ணியின் விலைதான் கிடைக்கும். அடுத்த கண்ணிகளிலும் நம் பிள்ளைகள் நிற்கவேண்டும்.

தகரமும் கடற்காற்றும்

இது இறப்பர்த் தோட்டத்துக்கு மட்டும் உரிய விடயமல்ல. மலையகத்தில் லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுவதை எல்லோரும் அறிவோம். தகரத்தின் மேலுள்ள நாகப் பூச்சுத்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது. பூச்சு எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். மெல்லிய பூச்சுள்ள தகரத்தை மலிவாக வாங்கிப் போட்டுவிட்டு, "கூரை மாற்றிக் கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டலாம். பூச்சின் தடிப்பை அளக்கக் கைக்கு அடக்கமான கருவி இருக்கிறது. அளந்துபார்க்கக் கேட்கத் தெரியவேண்டும்.

கல்முனையில் இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எல்லாம் அதில் அடங்கும். அதன் பிறகு இந்தக் கரையில் புதிதாக நிறையக் கொங்கிறீட் கட்டடங்கள் எழுந்தன. கடற்காற்றில் உள்ள உப்பு மெல்ல மெல்லக் கொங்கிறீட்டுக்குள் இறங்கும். கம்பியைச் சுற்றியுள்ள பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்கும். கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். கம்பிக்கு மேல் எவ்வளவு தடிப்பில் கொங்கிறீட் இருக்கவேண்டும், மணலை எப்படிக் கழுவவேண்டும் என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகள். மருதமுனையில் கைத்தறி நெய்கிற வீட்டில் நூலின் வலிமையும் சாயம் நிற்பதும் அன்றாடக் கவலை. அதுவும் இதே படிப்புக்குள் வரும்.

ஆகவே மலையகத்துப் பிள்ளைக்கும் கரையோரத்துப் பிள்ளைக்கும் இது பொதுவான படிப்பு. வாப்பா தறியில் இருந்தாலும், அப்பா பால்வெட்டில் இருந்தாலும், கையிலிருக்கும் பொருளைப் பற்றிய அறிவு ஒன்றுதான்.

பாதையின் நீளம்

ஆசை காட்டிவிட்டுப் பாதையை மறைப்பது சங்கத்துக்கு அழகல்ல. எனவே அதையும் சொல்கிறோம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம், அதற்கு 25 திறமைப் புள்ளிகள். பாடநெறி வழியான முதுமாணி 9 ஆம் மட்டம், 30 புள்ளிகள். ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் மட்டம், 60 புள்ளிகள். விளம்பரத்தில் "முதுமாணி" என்று மட்டும் போட்டிருந்தால் எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பணத்தைக் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் பிடிக்கும் முகவர்களிடம் இதை இன்னும் அழுத்தமாகக் கேட்கவேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் போன்ற முழுப் புலமைப்பரிசில்களுக்கு மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடையில் முகவருக்கு வேலையில்லை.

உள்நாட்டில் பொருட்பொறியியலுக்கென்று தனித் துறை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பொலிமர் விஞ்ஞானம், தொழில்நுட்பம் பற்றிய முதுமாணி உண்டு. பட்டத்துக்கு முந்திய நிலையில், மொறட்டுவைத் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் தேசிய டிப்ளோமாவில் பொலிமர் தொழில்நுட்பமும் ஒரு பிரிவு. அகலவத்தை டார்ட்டன்ஃபீல்டில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படிப்பு இந்த நாட்டில் இல்லாமலில்லை. நமக்கு எட்டாமல் இருக்கிறது.

ஏன் எட்டவில்லை? மூன்று காரணம்.

முதலாவது காசு. அரசப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் இலவசம். அது 1945 இல் வந்த இலவசக் கல்வியின் கொடை. ஆனால் பாடநெறி வழியான முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. பட்டம் முடித்த நம் பிள்ளை வேலைக்குப் போன முதல் மாதமே தங்கையின் படிப்பு, அடகு நகை, வீட்டுக் கடன் என்று சம்பளம் பங்குபோய்விடும். கட்டணத்துக்கு மிஞ்சாது.

இரண்டாவது தூரம். இந்த வகுப்புகள் பெரும்பாலும் மேற்கில், வார இறுதியில். கல்முனையில் வேலை செய்யும் ஒருவர் வெள்ளி இரவு பஸ் ஏறி, விடியற்காலை கொழும்பில் இறங்கி, அங்கிருந்து மொறட்டுவைக்குப் போய், வகுப்பு முடிந்து மறுபடியும் இரவுப் பயணம் செய்து, திங்கள் காலை வேலைக்கு நிற்கவேண்டும். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆண்பிள்ளைக்கே இது சுமை. பெண்பிள்ளை என்றால், தங்க நம்பிக்கையான இடமில்லாமல் வீட்டில் சம்மதம் கிடைப்பதில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல், தங்குமிடத்தை ஏற்பாடு செய்வதுதான் பதில்.

மூன்றாவது மொழியும் அடித்தளமும். உயர்தரம்வரை தமிழில் படித்த பிள்ளைக்கு முதுமாணி ஆங்கிலத்தில் வருகிறது. தோட்டப்புறத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு. கல்முனைக்கு அடுத்த காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை யாழ் நூல் எழுதிய தமிழறிஞராகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். விஞ்ஞானத்துக்குத் தமிழில் சொற்கள் வேண்டும் என்று 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவது முடியாத காரியமல்ல. அதற்குப் பயிற்சி கொடுக்கவேண்டும்.

கல்முனையில் 1942

இனி நாங்கள் சொல்வதாகச் சொன்ன பாடம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். அரிசி கப்பலில் வருவது தடைப்பட்டு, நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு 1942 இல் அவசரகால உதவி அரசாங்க அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸ் அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். சோற்றுக்கு வழி தேட வந்த அதிகாரி, வயலைப் பார்த்ததோடு வீடுகளில் படிப்பில்லாத நிலையையும் பார்த்தார். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. மூன்று ஆண்டுகளில், 1945 இல், அந்த எண்ணம் விரிந்து முழு நாட்டுக்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியமானது. 1948 இல் அவர் அரச பதவியை விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் போனார்.

இந்த வரலாற்றில் தோட்டத் தொழிலாளர் கவனிக்கவேண்டியது இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் வயிறு நிறைந்த பிறகு படிப்பைப் பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பஞ்சத்தின் நடுவிலேயே தொடங்கினார்கள். இரண்டு, தனி ஒரு செல்வந்தரின் தயவை நம்பாமல், நிலைத்து நிற்கும் ஒரு நிதியத்தை அமைத்தார்கள். செல்வந்தரின் மனம் மாறலாம். கணக்கும் விதியும் உள்ள நிதியம் ஆட்களைத் தாண்டி நிற்கும்.

அதே 1948 இல்தான் மலையகத்தவரின் குடியுரிமை பறிபோனது என்பதும் நம் நினைவில் இருக்கவேண்டும். ஒரு சமூகம் புலமைப்பரிசில் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், நாம் இந்த நாட்டவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பின்னடைவு நம் குற்றமல்ல. ஆனால் இன்று நிதியம் தொடங்காமல் இருந்தால் அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

எழக்கூடிய கேள்விகள்

"ஒருவருக்குக் கட்டணம் கட்டும் காசில் நூறு பிள்ளைகளுக்கு அப்பியாசப் புத்தகம் வாங்கலாமே?" வாங்கவேண்டும், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நூறு பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு, அவர்களில் மேலே போன ஒருவரைக் கடைசிப் படியில் கைவிட்டால், முதலில் போட்ட காசின் பலனும் பாதியாகும்.

"படித்தவர் திரும்பிப் பார்ப்பாரா?" எல்லோரும் பார்க்கமாட்டார்கள். பொறியியலாளர்கள் வெளிநாடு போய்க்கொண்டிருக்கும் காலம் இது. அதனால் நிதியத்தின் விதி தெளிவாக இருக்கவேண்டும். கிடைப்பது வட்டியில்லாக் கடன். பட்டம் முடித்து இரண்டு ஆண்டு சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகராக, மாதத்தில் ஒரு நாள் கொடுத்தால் பாதி கழிக்கப்படும். மீதியைத் தவணையில் திருப்பவேண்டும். நாட்டை விட்டுப் போகிறவர் முழுவதும் திருப்பவேண்டும். போகவேண்டாம் என்று யாரையும் தடுக்கமாட்டோம். அடுத்த பிள்ளையின் காசை வைத்துவிட்டுப் போகட்டும்.

"பணம் எங்கே?" ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் 300 அங்கத்தவர், சந்தாவுக்கு மேலே விரும்பியவர் மாதம் 20 ரூபா என்றால் மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபா. பத்துத் தோட்டம் சேர்ந்தால் 7,20,000. எல்லோரும் தரமாட்டார்கள் என்று பாதியாக்கினாலும் 3,60,000. கோயில் திருவிழாவுக்கு நாம் சேர்க்கும் காசைவிட இது பெரிதல்ல.

நாங்கள் முன்வைப்பது

அடுத்த மாநாட்டுக்கு நான்கு தீர்மானங்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, சங்கத்தின் பொதுக் கணக்கோடு கலக்காத தனியான உயர்கல்வி நிதியம். வரவு செலவு ஒவ்வொரு ஆண்டும் இந்த இதழில் வெளிவரவேண்டும். தெரிவுக் குழுவில் தலைவர்களின் உறவினர் விண்ணப்பித்தால் அந்தத் தலைவர் விலகி நிற்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பாதி இடம்.

இரண்டாவது, கம்பனிகளோடு பேசும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு புதிய வாசகம். தோட்டத் தொழிற்சாலையிலோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்யும் தொழிலாளர் குடும்பத்துப் பட்டதாரிக்குப் படிப்பு விடுமுறையும் கட்டணத்தில் ஒரு பங்கும். தகுதியுள்ள ஆள் கிடைப்பது கம்பனிக்கும் இலாபம். தயவாக அல்ல, உரிமையாகக் கேட்போம்.

மூன்றாவது, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கோரிக்கை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்தால் ஒலுவில். அங்கே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் பீடமும் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மொறட்டுவையின் விரிவுரையாளர்கள் மாதத்துக்கு இரண்டு வார இறுதி இந்த இரண்டு இடங்களில் வகுப்பு நடத்தி, சோதனைக்கூட வேலையை மட்டும் மொறட்டுவையில் ஒரே தவணையாக வைத்தால், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இரவுப் பயணம் மிச்சம். ஐம்பது பேர் பயணம் செய்வதைவிட இரண்டு பேர் பயணம் செய்வது சுலபம்.

நான்காவது, மெட்ரோலக் சோதனை. இதற்கு முதுமாணி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு இறப்பர்த் தோட்டத்திலும் மாதம் ஒருமுறை, தோட்டக் கமிட்டியின் பிரதிநிதி முன்னிலையில், மாதிரிப் பாலை உலர்த்தி நிறுத்து மெட்ரோலக் அளவோடு ஒப்பிட்டு எழுதிவைக்கவேண்டும். இதைக் கமிட்டிகள் அடுத்த மாதமே கேட்கலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரத்தில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள். கணிதப் பிரிவு கிடைக்காவிட்டால் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. பல்கலைக்கழக இடம் தவறினால் தேசிய டிப்ளோமா இருக்கிறது. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து முதுமாணிக்கும் வழி இருக்கிறது. நீண்ட வழிதான். ஆனால் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க விடியுமுன் எழுந்து போன அம்மாவின் வழியைவிட நீண்டதல்ல.

பெற்றோருக்கு ஒன்று. படிப்புக்காக நகையை அடகு வைக்குமுன், காணியை எழுதிக் கொடுக்குமுன், முகவரிடம் முன்பணம் கொடுக்குமுன் உங்கள் தோட்டத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் படிப்பு எத்தனையாம் மட்டம், அதை யார் அங்கீகரித்தது என்று கல்விக் குழு விசாரித்துச் சொல்லும். அதற்குக் காசு இல்லை.

இந்த நான்கு தீர்மானங்களையும் உங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வாசியுங்கள். திருத்தம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். மாதர் சங்கங்களின் கருத்தைத் தனியாக எதிர்பார்க்கிறோம். பாதி இடம் என்பது போதுமா என்று அவர்களே சொல்லட்டும். மாநாட்டில் கைதூக்கும்போது எதற்காகக் கைதூக்குகிறோம் என்பது ஒவ்வொரு லயத்துக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

தோழமையுடன்,
கல்விக் குழு, கல்முனை